ஆபிரகாம் லிங்கன் எங்களுக்குச் சொந்தமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கக் குடும்பங்களில் சம்பந்தம் செய்திருக்கும் தமிழர்கள் இப்போது நிறைய. அந்த வீடுகளில் சிலவற்றில் பேச்சுவாக்கில் ஒரு செய்தி வரும்: “லிங்கன் எங்களுக்குச் சொந்தம்தான், பாட்டி சொல்வார்.” பேரப்பிள்ளைக்குப் பள்ளியில் வம்சாவளிப் படம் வரையச் சொன்னால் அந்தப் பெயரை உச்சியில் எழுதிவிடத் தோன்றும். எழுதலாமா என்று தேடுகிறவர்கள் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே. வேறொரு தலைவரைத் தேடினாலும் வழிமுறை இதேதான்.

லிங்கனின் நேர் வாரிசுகள் யாராவது இன்று இருக்கிறார்களா?

இல்லை. இதை முதலில் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

லிங்கனுக்கும் மேரி டாடுக்கும் 1842-ல் திருமணம் ஆனது. நான்கு மகன்கள், மகள் இல்லை. எட்வர்ட் நான்கு வயது நிரம்புமுன் 1850-ல் இறந்தான். வில்லி பதினோரு வயதில், 1862-ல், வெள்ளை மாளிகையிலேயே காய்ச்சலில் போனான். டேட் என்று செல்லமாக அழைக்கப்பட்ட தாமஸ் அப்பாவின் கொலைக்குப் பின் ஆறு ஆண்டுகள்தான் இருந்தான். 1871-ல் இறக்கும்போது அவனுக்குப் பதினெட்டு. திருமணம் செய்து பிள்ளை பெற்றவர் மூத்தவர் ராபர்ட் மட்டுமே. அவருக்கு இரண்டு பெண்கள், ஒரு பையன். தாத்தாவின் பெயரையே வைத்திருந்த அந்தப் பையன் 1890-ல் லண்டனில் பதினாறு வயதில் இறந்துபோனான். அதோடு லிங்கன் என்ற குடும்பப் பெயரைத் தாங்கிய ஆண்வழி முடிந்தது.

பெண்கள் வழியில் மூன்று கொள்ளுப்பேரப் பிள்ளைகள்: லிங்கன் ஐஷாம் 1971-ல் இறந்தார், மேரி பெக்வித் 1975-ல், ராபர்ட் டாட் லிங்கன் பெக்வித் 1985 டிசம்பர் 24-ல். ஐயத்துக்கு இடமில்லாத கடைசி வாரிசு என்று வரலாற்றாசிரியர்கள் கொள்வது இந்த பெக்வித்தைத்தான். ஆகவே “லிங்கன் எங்கள் கொள்ளுத்தாத்தாவின் தாத்தா” என்று யாராவது சொன்னால், அந்த வாக்கியம் அப்படியே உண்மையாக இருக்க முடியாது.

அப்படியென்றால் அந்தப் பாட்டி சொன்னது பொய்யா?

பொய் என்று சொல்ல எனக்கு மனம் வராது, பெரும்பாலும் அது பொய்யும் இல்லை. “லிங்கனின் பெரியப்பா வழி நாங்கள்” என்று முதல் தலைமுறை சொல்லியிருக்கும். அடுத்த தலைமுறை “லிங்கன் வழி” என்று சுருக்கும். மூன்றாவது தலைமுறையில் லிங்கன் தாத்தாவாகிவிடுவார். கதைக்குள் உண்மை ஒளிந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு, ஆனால் அது பக்கவாட்டில் இருக்கும். தேட வேண்டியது வாரிசு உறவை அல்ல, பங்காளி உறவையும் தாய்வழி உறவையும்.

எந்தெந்தக் கிளைகள் வழியாக உறவு வரலாம்?

லிங்கனின் உடன்பிறந்தார் வழி வராது. அக்கா சாரா 1828-ல் பிரசவத்தில் இறந்தார், குழந்தையும் தங்கவில்லை. தம்பி ஒருவன் கைக்குழந்தையிலேயே போய்விட்டான். ஒரு தலைமுறை மேலே ஏற வேண்டும்.

லிங்கனின் அப்பா தாமஸுக்கு இரண்டு அண்ணன்கள், மார்டெக்காய், ஜோசையா; இரண்டு சகோதரிகள், மேரி, நான்சி. மேரி க்ரூம் என்ற குடும்பத்திலும், நான்சி ப்ரம்ஃபீல்டு என்ற குடும்பத்திலும் வாழ்க்கைப்பட்டார்கள். லிங்கனின் பெரியப்பா, அத்தை பிள்ளைகளின் வழி இதுதான். கென்டக்கி, இந்தியானா, இலினாய் மாநிலங்களில் வேரூன்றிய குடும்பம் என்றால் முதலில் இந்த நான்கு பெயர்களைத் தேடுங்கள்.

இன்னொரு படி ஏறினால் தாத்தா கேப்டன் ஆபிரகாம் லிங்கன். 1786-ல் கென்டக்கியில் தன் நிலத்தில் வேலை செய்துகொண்டிருந்தபோது பூர்வகுடிகள் தாக்கியதில் கொல்லப்பட்டார். சிறுவன் தாமஸ் அப்போது பக்கத்தில் இருந்தான். அன்றைய சட்டப்படி நிலமெல்லாம் மூத்த மகன் மார்டெக்காய்க்குப் போனது, தாமஸ் கூலி வேலையும் தச்சு வேலையும் செய்து வளர்ந்தார். சொத்து இல்லாதவருக்குப் பத்திரமும் குறைவு. லிங்கன் வம்சத்தில் பணக்காரக் கிளைகளை எளிதாகவும் லிங்கனின் சொந்த வீட்டைச் சிரமப்பட்டும் தேட வேண்டியிருப்பதற்கு இது ஒரு காரணம்.

அந்த கேப்டனின் தம்பிகளில் வர்ஜீனியாவின் ராக்கிங்ஹாம் கவுண்டியிலேயே (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்றது) தங்கிவிட்டவரும் உண்டு. டென்னசிக்குப் போனவரும் உண்டு. அவர்களில் அடிமைகளை வைத்திருந்தவர்களும் இருந்தார்கள் என்பதை வம்சம் தேடுகிறவர் மறைக்காமல் எழுதிக்கொள்ள வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே இருப்பவர் சாமுவேல் லிங்கன். இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் உள்ள ஹிங்கம் ஊரிலிருந்து 1637-ல் கப்பலேறி, மாசசூசெட்ஸில் அதே பெயரில் அமைந்த ஹிங்கத்தில் குடியேறினார். அவரிலிருந்து குடியரசுத் தலைவர் லிங்கன் வரை, இருவரையும் சேர்த்து, ஏழு தலைமுறை: சாமுவேல், மார்டெக்காய், இன்னொரு மார்டெக்காய், ஜான், ஆபிரகாம், தாமஸ், ஆபிரகாம். சாமுவேலுக்குப் பதினொரு பிள்ளைகள். அவர்களின் சந்ததி நாடெங்கும் பரவியிருக்கிறது. ஜெஃபர்சன் ஆட்சியில் அட்டர்னி ஜெனரலாக இருந்த லெவி லிங்கனும் இந்த வழிதான். 1923-ல் வால்டோ லிங்கன் என்பவர் இந்த வம்சம் முழுவதையும் பெரிய நூலாகத் தொகுத்தார். உங்கள் தேடல் 1850-க்கு முன்னால் போய்விட்டால் அதைப் பார்க்காமல் நகரக் கூடாது.

எங்கள் சம்பந்தி வீட்டுக் குடும்பப் பெயரே லிங்கன். அது போதாதா?

போதாது. ஹிங்கம் என்ற அந்த ஒரே சிற்றூரில் தொடக்க காலத்தில் தாமஸ் லிங்கன் என்ற பெயரில் நான்கு பேர் இருந்தார்கள். ஊரார் அவர்களைத் தொழிலை வைத்துப் பிரித்தார்கள்: நெசவாளி தாமஸ், பீப்பாய் செய்யும் தாமஸ், மாவுமில் தாமஸ், விவசாயி தாமஸ். நெசவாளி மட்டும் சாமுவேலின் அண்ணன். விடுதலைப் போரில் யார்க்டவுனில் ஆங்கிலேயரின் சரணாகதியை ஏற்ற ஜெனரல் பெஞ்சமின் லிங்கன், பீப்பாய் செய்த தாமஸின் வழி. ஒரே ஊரின் பல லிங்கன் வீடுகள் ஒரே பெயர்களை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டன என்பதை நினைத்துப் பாருங்கள்.

அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பினக் குடும்பங்கள் புதிதாகக் குடும்பப் பெயர் வைத்துக்கொண்டதும் உண்டு. பெயர் ஒரு துப்பு, அவ்வளவுதான்.

ஜான்ஸ்டன், டாட் குடும்பங்கள்?

லிங்கனின் அம்மா நான்சி இறந்தபின் தாமஸ் 1819-ல் சாரா புஷ் ஜான்ஸ்டன் என்ற விதவையை மறுமணம் செய்தார். அவருடைய மூன்று பிள்ளைகளும் லிங்கனோடு ஒரே வீட்டில் வளர்ந்தார்கள். லிங்கன் அந்தச் சிற்றன்னையிடம் வைத்திருந்த பாசம் பெரியது. ஆனால் ஜான்ஸ்டன் வழிக்கு ரத்த உறவு இல்லை. டாட் குடும்பம் லிங்கனுக்கு மாமியார் வீடு. டாட் வழியினர் லிங்கனின் மகன்களுக்கு உறவு, லிங்கனுக்குச் சம்பந்த உறவு. அப்படியே எழுதுங்கள், அதில் குறைவு ஒன்றும் இல்லை.

ஹாங்க்ஸ் வழி என்கிறார்கள். நடிகர் டாம் ஹாங்க்ஸ் லிங்கனுக்குச் சொந்தம் என்பது உண்மையா?

லிங்கனின் அம்மா நான்சி ஹாங்க்ஸ். டாம் ஹாங்க்ஸ் அந்தக் குடும்பத்தின் தூரத்துக் கிளை என்று வம்சாவளி ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். ஜார்ஜ் க்ளூனியையும் நான்சியின் அம்மா வழியில் இணைக்கிறார்கள். பிரபலங்களை விடுங்கள், நான்சியின் கதைதான் முக்கியம். இந்த வம்சத்திலேயே அதிகம் குழம்பிய இடமும் என் மனத்துக்கு மிக நெருக்கமான இடமும் அதுவே.

நான்சி 1784 வாக்கில் வர்ஜீனியாவில் பிறந்தவர். அப்பா யார் என்று எந்தப் பதிவிலும் இல்லை. அம்மா லூசி ஹாங்க்ஸ் மணமாகாமலே நான்சியைப் பெற்றார் என்றும், அப்பா வர்ஜீனியாவின் வசதியான ஒரு நிலக்காரர் என்றும் லிங்கனே தன்னிடம் சொன்னதாக அவருடைய வக்கீல் கூட்டாளி வில்லியம் ஹெர்ன்டன் எழுதினார். பலருக்கு அது பொறுக்கவில்லை. ஒரு மாபெரும் தலைவரின் அம்மாவுக்கு ‘முறையான’ பிறப்பு வேண்டும் என்று தேடத் தொடங்கினார்கள். ஜோசப் ஹாங்க்ஸ் என்பவர் 1793-ல் எழுதிய உயிலில் மகள் நான்சிக்கு ஒரு கிடாரிக் கன்று விட்டுச்சென்றிருக்கிறார். 1899-ல் வந்த ஒரு நூல் அந்த நான்சிதான் லிங்கனின் அம்மா என்று அறிவித்தது. உண்மையில் அவர் லிங்கனின் அம்மாவுக்குச் சித்தி. பெயர் ஒன்று, ஆள் வேறு. லிங்கனோடு விளையாடி வளர்ந்த டென்னிஸ் ஹாங்க்ஸ் அந்தச் சித்தியின் மகன். அதே உயிலில் லூசியின் பெயர் இல்லாததால் இன்னொரு கட்சி கிளம்பியது: லூசி அந்த வீட்டுப் பெண்ணே அல்ல, ஷிப்லி குடும்பத்தில் பிறந்து ஒரு ஹாங்க்ஸை மணந்தவர், ஆகவே நான்சியின் பிறப்பில் குறை எதுவும் இல்லை என்றது.

நூறாண்டுக்கு மேல் நீண்ட இந்த வழக்கில் 2015-ல் ஒரு வழி பிறந்தது. அம்மாவிடமிருந்து பிள்ளைக்கு மட்டும் இறங்கும் மைட்டோகாண்ட்ரியல் டிஎன்ஏவை, ஹாங்க்ஸ் வீட்டுப் பெண்களின் பெண்வழிச் சந்ததியினரிடம் சோதித்துப் பார்த்தார்கள். எக்ஸ்1சி என்ற அரிய பிரிவு லூசியின் வழியிலும் ஜோசப் ஹாங்க்ஸ் மனைவியின் மற்ற மகள்கள் வழியிலும் ஒத்துவந்தது. லூசி அந்த வீட்டு மகள்தான். ஷிப்லி கதை விழுந்தது.

பின்னாளில் லூசி ஹென்றி ஸ்பாரோ என்பவரை மணந்து எட்டுப் பிள்ளைகள் பெற்றார். நான்சிக்கு அவர்கள் அம்மா வழித் தம்பி தங்கைகள். லிங்கனுக்கு மாமாக்கள், சித்திகள். கென்டக்கி ஸ்பாரோ குடும்பத்தோடு தொடர்புள்ளவர்கள் இந்தக் கிளையைக் கவனமாகப் பாருங்கள். நான்சி முப்பத்து நான்கு வயதில், 1818 அக்டோபரில், இந்தியானாக் காட்டில் பால்நோய் கண்டு இறந்தார். விஷச் செடியைத் தின்ற மாட்டின் பாலால் வரும் நோய் அது. மகனுக்கு அப்போது ஒன்பது வயது. கிட்டத்தட்ட எழுத்தில் பதியாத ஒரு வாழ்க்கை. அப்படிப்பட்ட பெண்ணின் பெயரை உங்கள் படத்தில் சரியாக எழுத நேரம் செலவழிப்பது வீண் இல்லை.

லிங்கனுக்குத் தன் வம்சம் தெரிந்திருந்ததா?

கொஞ்சம்தான். 1848-ல் காங்கிரஸ் உறுப்பினராக இருந்தபோது ஹிங்கத்திலிருந்து சாலமன் லிங்கன் என்பவர் எழுதிக் கேட்டார். முன்னோர் பென்சில்வேனியாவிலிருந்து வர்ஜீனியாவுக்கு வந்ததாகவும் அவர்கள் குவேக்கர்கள் (ஒரு கிறிஸ்தவப் பிரிவினர்) என்றும் தெளிவில்லாத ஒரு செவிவழிச் செய்தி மட்டும் வீட்டில் உண்டு என்று லிங்கன் பதில் எழுதினார். அதே ஆண்டு வர்ஜீனியாவில் இருந்த டேவிட் லிங்கனுக்கும் எழுதி விசாரித்தார். ஹிங்கம் தொடர்பு உறுதியானதெல்லாம் அவருக்குப் பின்னால்.

இன்னொன்று என்னை எப்போதும் உறுத்தும். அவருடைய பெற்றோரின் திருமணம் 1806 ஜூன் 12-ல் நடந்தது. அதற்கான பத்திரம் கென்டக்கியின் வாஷிங்டன் கவுண்டி நீதிமன்றத்தில் பத்திரமாக இருந்தது. ஆனால் அது கண்டெடுக்கப்பட்டது 1878-ல், லிங்கன் இறந்து பதின்மூன்று ஆண்டுகள் கழித்து. பெற்றோருக்குத் திருமணமே நடக்கவில்லை என்று எதிரிகள் தூற்றிய காலமெல்லாம் அந்தத் தாள் அங்கேதான் கிடந்தது. உங்கள் தாளும் பக்கத்துக் கவுண்டியில் கிடக்கலாம். ஒரு கவுண்டியில் கிடைக்கவில்லை என்றால் எல்லையை ஒட்டிய எல்லாவற்றிலும் தேடுங்கள்.

சரி, எங்கிருந்து தொடங்குவது?

உங்களிடமிருந்து, அல்லது உங்கள் பேரப்பிள்ளையிடமிருந்து. லிங்கனிடமிருந்து கீழே இறங்காதீர்கள். மேலிருந்து வருகிறவர் ஒத்த பெயர் ஒன்று கண்ணில் பட்டதும் அதைத் தன் வீட்டோடு கோத்துவிடுவார். கீழிருந்து ஏறினால் ஒவ்வொரு படியிலும் ஒரே கேள்விதான்: இவர் இன்னாரின் பிள்ளை என்பதற்கு என்ன ஆதாரம்?

பிறப்பு, திருமண, இறப்புச் சான்றுகள் இருபதாம் நூற்றாண்டுக்குக் கைகொடுக்கும். கென்டக்கி மாநில அளவில் முறையாகப் பிறப்பைப் பதியத் தொடங்கியது 1911-ல்தான். அதற்கு முன்னால் பத்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நம்ப வேண்டும். ஆட்களின் விவரம் 72 ஆண்டுகள் கழித்தே வெளியாகும். 1950-ஆம் ஆண்டுக் கணக்கு 2022 ஏப்ரலில் வந்துவிட்டது, அங்கிருந்து தொடங்கலாம். 1880 முதல் குடும்பத் தலைவருக்கு ஒவ்வொருவரும் என்ன உறவு என்று எழுதியிருக்கும். 1850 முதல் அடிமைகளல்லாத எல்லாருடைய பெயரும் இருக்கும். 1840 வரை குடும்பத் தலைவரின் பெயர் மட்டும், மற்றவர்கள் வயதுவாரியாக வெறும் எண்ணிக்கை. சிறுவன் லிங்கனே இந்தக் கணக்குகளில் பெயர் இல்லாத ஒரு எண்தான்.

இரண்டு பள்ளங்கள் உண்டு. 1890 கணக்கெடுப்பு 1921-ல் வாஷிங்டனில் நடந்த தீ விபத்தில் பெரும்பாலும் சேதமடைந்து, பின்னர் அழிந்துபோனது. இருபது ஆண்டு இடைவெளியை வரிப் பட்டியல், நிலப் பத்திரம், தேவாலயப் பதிவு இவற்றைக் கொண்டு தாண்ட வேண்டும். கறுப்பினக் குடும்பங்களுக்குப் பள்ளம் இன்னும் ஆழம்: 1850, 1860 கணக்குகளில் அடிமைகளின் பெயர்கள் எழுதப்படவில்லை, வயதும் பாலும் நிறமும் மட்டும் முதலாளியின் பெயருக்குக் கீழே இருக்கும். 1870-ல்தான் பெரும்பாலோரின் பெயர் முதன்முறையாக வருகிறது.

1850-க்கு முன்னால் உயில்களும் சொத்துப் பிரிவினை ஆவணங்களுமே உயிர்நாடி. பிள்ளைகளைப் பெயர் சொல்லி எழுதுவது அவற்றில்தான்.

அரசாங்கப் பதிவில் இருந்தால் நம்பலாம் அல்லவா?

ஒப்பிட்டுப் பார்த்த பிறகு. 1850 கணக்கெடுப்பில் மேரி லிங்கனின் வயது 28 என்றும் 1860-ல் 35 என்றும் இருக்கிறது. பத்தாண்டில் அவருக்கு ஏறியது ஏழு வயது. 1860-ல் அவருக்கு உண்மையில் 41. நாடே கவனித்த ஒரு வீட்டில் இப்படி என்றால் மற்ற வீடுகளை யோசித்துக்கொள்ளுங்கள். கணக்கெடுப்பவர் கேட்டதைப் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லியிருக்கலாம், எழுத்துக்கூட்டு மாறியிருக்கலாம்.

இணையத்தில் மற்றவர்கள் போட்டு வைத்திருக்கும் வம்சாவளிப் படங்களை ஆதாரமாக எடுக்கவே எடுக்காதீர்கள். ஒருவர் செய்த தவற்றை நூறு பேர் நகலெடுத்திருப்பார்கள், நூறு இடத்தில் இருப்பதாலேயே அது உண்மை போலத் தெரியும். எந்தத் தாளைப் பார்த்து எழுதினார்கள் என்று தேடி, அந்தத் தாளை நீங்களே பாருங்கள்.

டிஎன்ஏ சோதனை செய்தால் ஒரே நாளில் தெரிந்துவிடாதா?

தெரியாது. முதல் காரணம், ஒப்பிட லிங்கனின் டிஎன்ஏ யாரிடமும் இல்லை. அவருடைய எலும்புத் துணுக்குகளும் முடியும் ஒரு மருத்துவ அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவருக்கு மார்ஃபான் என்ற பரம்பரை நோய் இருந்ததா என்று அறிய அவற்றைச் சோதிக்கலாமா என 1991-ல் நிபுணர் குழு ஆராய்ந்தது, சோதனை நடக்கவில்லை.

இரண்டாவது, தூரம். லிங்கனின் பெரியப்பா மார்டெக்காயின் வழியில் வந்து இன்று ஐம்பது அறுபது வயதில் இருக்கும் ஒருவருக்கு கேப்டன் ஆபிரகாம் எட்டுத் தலைமுறைக்கு மேலே இருப்பார் என்று வைத்துக்கொள்வோம். தலைமுறைக்குப் பாதியாகக் குறைந்து வந்தால் அவரிடமிருந்து சராசரியாக 256-ல் ஒரு பங்குதான் வந்திருக்கும். கடைகளில் கிடைக்கும் பொதுவான சோதனை மூன்றாம் கசின்களை (தாத்தாவின் தாத்தா ஒருவராக இருப்பவர்களை) பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும், நான்காம் கசின்களில் (அதற்கும் ஒரு தலைமுறை மேலே சேர்பவர்களில்) ஏறக்குறைய பாதிப் பேரைத்தான் பிடிக்கும், அதற்கப்பால் வேகமாகக் குறையும்.

ஆனாலும் பயன் உண்டு. அப்பாவிடமிருந்து மகனுக்குச் செல்லும் ஒய் குரோமோசோம் சோதனையை லிங்கன் என்ற பெயருள்ள ஆண்கள் செய்துகொண்டு, சாமுவேல் வழி என்று ஆதாரத்தோடு தெரிந்த ஆண்களின் முடிவோடு ஒப்பிடலாம். ஒத்துப்போகவில்லை என்றால் ஆண்வழி அது இல்லை என்று உறுதியாகச் சொல்லிவிடலாம். ஒத்துப்போனால் எந்தக் கிளை என்பதைத் தாள்தான் சொல்ல வேண்டும். “உங்கள் புகழ்பெற்ற உறவினர்” என்று சில தளங்கள் காட்டுவது டிஎன்ஏவை வைத்து அல்ல, மேலே சொன்ன இணையப் படங்களை வைத்து.

லிங்கனின் உண்மையான அப்பா வேறொருவர் என்று வட கரோலினா குடும்பம் ஒன்று சொல்கிறதே?

ஆபிரகாம் என்லோ என்பவரின் வீட்டில் நான்சி வேலை செய்தார், லிங்கன் அவருக்குப் பிறந்தவர் என்ற கதை பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே உலவுகிறது. இது நிற்க வேண்டுமென்றால் லிங்கன் 1806-க்கு முன்பே பிறந்திருக்க வேண்டும். பெற்றோரின் திருமணம் 1806 ஜூன், அக்கா பிறந்தது 1807, லிங்கன் 1809 பிப்ரவரி 12, மூன்றும் கென்டக்கியில். காலக்கணக்கிலேயே அடிபடுகிறது. என்லோ வழி வந்தவர்கள் இதை மட்டும் நம்பி லிங்கனைப் படத்தில் சேர்க்க வேண்டாம்.

உறவை நிரூபித்தால் ஏதாவது கிடைக்குமா?

சொத்தோ சலுகையோ எதுவும் கிடையாது. அப்படி ஏதோ கிடைக்கும் என்று சொல்லிப் பணம் கேட்பவரிடம் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள்.

மருமகன் அமெரிக்கர், மகள் தமிழ். பேரனை எப்படிக் கணக்கிடுவது?

மருமகனுக்கு என்ன உறவோ அதற்கு ஒரு தலைமுறை கீழே. அம்மா தமிழர் என்பதால் அந்தப் பக்கத்து உறவில் எதுவும் குறையாது. படத்தில் அம்மா பக்கத்தையும் அதே கவனத்தோடு நிரப்புங்கள். அந்தப் பக்கத்துக் கொள்ளுப்பாட்டிகளின் பெயரைச் சொல்லக்கூடியவர்கள் ஊரில் இன்னும் இருப்பார்கள், அவர்களிடம் கேட்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.

பணம் செலவழிக்காமல் எங்கே பார்க்கலாம்?

ஃபேமிலிசர்ச் தளம் இலவசம், கணக்கு மட்டும் தொடங்க வேண்டும். கவுண்டி நீதிமன்றப் பதிவுகளின் படங்கள் அதில் நிறைய உண்டு. ஆன்செஸ்ட்ரி கட்டணத் தளம், ஆனால் பல அமெரிக்கப் பொது நூலகங்களில் நூலகக் கணினியிலேயே இலவசமாகப் பார்க்க விடுகிறார்கள். நியூ இங்கிலாந்து (மாசசூசெட்ஸ் உள்ளிட்ட வடகிழக்கு மாநிலங்கள்) கிளைகளுக்கு பாஸ்டனில் 1845-லிருந்து இயங்கும் வம்சாவளிக் கழகம் இருக்கிறது. இலினாயின் ஸ்பிரிங்ஃபீல்டில் உள்ள ஆபிரகாம் லிங்கன் குடியரசுத் தலைவர் நூலகத்துக்கு எழுதுவதாக இருந்தால், முழுக் கதையையும் எழுதாமல், கடைசியாக ஆதாரம் கிடைத்த முன்னோரின் பெயர், ஊர், ஆண்டு இவற்றோடு ஒரே ஒரு கேள்வியை மட்டும் கேளுங்கள்.